மூன்றாம் பெட்டி

நேசையா மூன்றாம் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவிச் சட்டைப் பைக்குள் வைத்ததை என் கண்ணால் கண்டேன்.

எனக்கு முதலே தெரியும், இந்த மனுசன் சரியில்லை என்று.

எண்பத்தாறாம் ஆண்டு. புத்தூர்ப் பிரஜைகள் குழுவின் பெட்டிகள் அவை. முதலாவதில் காணாமற்போன பிள்ளைகள். இரண்டாவதில் இராணுவ முகாமில் கண்டதாகச் சொல்லப்பட்டவர்கள். மூன்றாவதில் பெயர் தெரியாத உடல்கள்.

தாய்மார் வீட்டுப் பெயரைச் சொல்வார்கள். அரசாங்கக் கடிதங்களில் பதிவுப் பெயர் இருக்கும். அதனால் நான் பெயரை நம்புவதில்லை. தழும்பு, சைக்கிள், சேட்டின் நிறம், கூடத் திரிந்த சிநேகிதன், எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'பார்க்க' என்று போட்டு, அடுத்து எந்த அட்டைக்குப் போக வேண்டும் என்று எழுதுவோம். பச்சைச் சேட்டில் தொடங்கினால் ஆளிடம் போய்ச் சேரலாம்.

இன்னும் பிடிபடாத பிள்ளைகளின் பெயர்களும் அந்த அட்டைகளில் இருந்தன. அவற்றில் ஒன்று முகாமுக்குப் போனால் பத்து வீட்டில் ஒப்பாரிதான்.

நேசையா ஓய்வுபெற்ற தபாலதிபர். மகன் அன்புராஜாவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, தானாக வந்து எழுத உட்கார்ந்தார். பாவம் என்றார்கள் எல்லோரும். மகனை மீட்க ஒரு தகப்பன் எதைத்தான் கொடுக்கமாட்டான் என்று நான் யோசித்தேன்.

அவர் மனைவி ஐரிஸ் வெள்ளிக்கிழமைதோறும் வந்து மூன்றாம் பெட்டியைக் கடைசி அட்டைவரை பார்ப்பார். "இதுக்கை இல்லை. அப்ப இருக்கிறான்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போவார்.

"பொக்கற்றுக்கை வைச்சதைத் தாங்கோ" என்று கையை நீட்டினேன்.

எடுத்துத் தந்தார்.

அட்டையை வாசித்தேன். தொண்டைமானாற்றில் கரையொதுங்கிய உடல். ஊரவர்கள் புதைத்துவிட்டார்கள். வயது இருபதளவில். இடது காலில் ஆறு விரல்.

அடியில், நான் பழக்கியபடியே, நேசையாவின் அழகான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பார்க்க: அன்புராஜா.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, ரீச்சர்" என்றார்.

என் சந்தேகப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பெட்டியில் எண் குறைந்தால் யாராவது கேட்பார்கள். அதே எண்ணில் புது அட்டை ஒன்றை எடுத்தேன். இடம், திகதி, வயது எல்லாம் எழுதினேன். விரல்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.