ரெண்டு மாசம் மட்டும்

"எழுதினவன் கை மட்டும் எனக்குக் கெடைக்கட்டும், ஒடச்சு அடுப்புல வெச்சிர்றேன்!"

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோடு டீக்கடையில் ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் பாய்லரே ஒரு நிமிஷம் அடங்கின மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு ஃபுட்பால்தான் டியூட்டி.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கல்லூரிகளுக்கு இடையிலான ஃபுட்பால் ஃபைனல். நம்ம ஏரியா கல்லூரிக்குக் கோல் போடுகிறவன் கிஷோர். அவன் வெளியாட்களிடம் ஓசியில் பொருள் வாங்குகிறான், அது போட்டி விதிக்கு விரோதம் என்று பிரின்ஸிபாலுக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். நாளைக் காலைக்குள் வீட்டிலிருந்து எழுத்து மூலம் பதில் வராவிட்டால் பையன் ஆட முடியாது.

கல்லூரி ஆபீஸிலிருந்து யாரோ எடுத்து அனுப்பின கடுதாசி போட்டோ ஏகாம்பரத்தின் போனில் இருந்தது.

"படி அண்ணாத்தே," என்றார் பிரியாணிக் கடை யூசுப் பாய்.

"தப்பு யாரு செஞ்சாலும் தப்புதாம்பா," என்றான் சலூன் உத்தமன், கேட்பதற்கு முன்னாலேயே. "ஆட்டக்காரன் கை நீட்டவே கூடாது."

"'ஒன்று, புது ஷூ.'" ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். பழசுல கட்டைவிரல் வெளிய எட்டிப் பாத்துகினு இருந்திச்சு. அது லஞ்சமா?"

"ரூல்னா ரூல்தான் அண்ணாத்தே," என்றார் பாய்.

"'இரண்டு, தினமும் மதியம் பிரியாணி.'"

"யா அல்லா! பசிச்ச புள்ளைக்குச் சோறு போட்டது ஒரு குத்தமா?"

"லெக் பீஸோட போட்டா குத்தம்தான் பாய்," என்றான் உத்தமன்.

"'மூன்று, ஓசி முடிவெட்டு, ஃபேஷியல்.'"

உத்தமன் டீ கிளாஸை டக்கென்று வைத்தான். "எவன்டா அவன்? பேப்பர்ல போட்டோ வருமேன்னு ஆசையா ஒரு ஃபேஷியல் போட்டேன், அத்தயும் எழுதிக்கீறானா!"

பாய் குனிந்து போனைப் பார்த்தார். "மேல இன்னா அது, கோழி கிறுக்கின மாதிரி?"

"பிள்ளையார் சுழி பாய்," என்றார் ஏகாம்பரம். "எங்காளுங்க எது எழுதினாலும் மொதல்ல அத்தப் போடுவாங்க."

"மொட்டைக் கடுதாசிக்குமா?"

"அதான் எனக்கும் புரியல. கடைசி வரியக் கேளு. 'பையன் நல்ல பையன். படிப்புக்கு இடைஞ்சல் வேண்டாம். ரெண்டு மாசம் மட்டும் ஆட விடாமல் நிறுத்தவும். தங்கள் குடும்பத்தைத் தெய்வம் காப்பாற்றும்.'"

"எதிரி இப்பிடியா மாமே எழுதுவான்? எதிரின்னா ஆயுசுக்கும் நிறுத்தச் சொல்லுவான். இது இன்னா ரெண்டு மாசம், கோடை லீவா?" என்றான் உத்தமன்.

"எவனா இருந்தா இன்னா? வா, ஊட்டுக்குப் போய் பதில் எழுதி வாங்கலாம்."

கிஷோரின் அம்மா கஸ்தூரி அப்போதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை முடிந்து வந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றியிருந்தாள். மூன்று பேரையும் பார்த்து அவசரமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"நீ கவலப்படாத தங்கச்சி," என்றார் ஏகாம்பரம். "எழுதினவனச் சும்மா உட மாட்டோம்."

"கை ஒடையும்," என்றான் உத்தமன்.

கஸ்தூரி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"'என் பையன் யார்கிட்டயும் எதுவும் வாங்கல'ன்னு நாலு வரி எழுதிக் குடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"எட்டாங் கிளாஸ் படிச்சவண்ணே நான். எழுத்தே வராது."

"பெத்தவ எழுதினாதான் பிரின்ஸிபால் மனசு எளகும்."

"பொய்யாச்சேண்ணே. விளக்கு வேற எரியுது..."

"விளக்க நான் மறைச்சுக்கறேன்க்கா." உத்தமன் நிஜமாகவே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

வேறு வழியில்லை. கஸ்தூரி காகிதத்தை மடியில் வைத்தாள். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக மேலே ஒரு சுழி போட்டது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்தது.

பாய்தான் முதலில் பார்த்தார். "அண்ணாத்தே... அதே கோழிக் கிறுக்கல்."

ஏகாம்பரம் போனை எடுத்துக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். அதே சுழி. அதே சாய்ந்த எழுத்து.

உத்தமன் விளக்குக்கு முன்னாலிருந்து மெதுவாக நகர்ந்தான்.

"தங்கச்சி... நீயா?"

கஸ்தூரி பேனாவை மூடினாள். "கிஷோரு, இங்க வாப்பா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான் கிஷோர். வந்தவர்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு நேராக நின்றான். டவுசருக்குக் கீழே வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ஞாயித்துக்கெழம கண்டிப்பா ஆடிருவேன் மாமா. ஊசி போட்டா வலி தெரியாது."

"ரெண்டு மாசம் ஆடக்கூடாது, மீறி ஆடினா காலே வீணாப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் கஸ்தூரி. "முடியாதுன்னு சொல்லேன்டான்னா, 'ஷூ வாங்கிக் குடுத்தாங்க, சோறு போட்டாங்க, எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றதும்மா'ன்னு அழறான். உங்க மேல எனக்குக் கோவமில்லண்ணே. வேற யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல."

"அந்த மூஞ்சிக்குத்தான் நான் ஃபேஷியல் போட்டேன்," என்று முணுமுணுத்தான் உத்தமன்.

"இல்ல மாமா, நான் ஆடறேன்..."

"வாய மூட்றா. ஒக்காரு மொதல்ல." ஏகாம்பரம் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "பேனாவக் குடு தங்கச்சி. கடுதாசில கீறது அத்தனையும் நெசம்னு நாங்களே கையெழுத்துப் போட்டுத் தர்றோம்."

புதுக் காகிதத்தில் எழுதப் போனவரை பாய் தடுத்தார். "மொதல்ல மேல அத்தப் போடு அண்ணாத்தே."

ஏகாம்பரம் பெரிதாக ஒரு சுழி போட்டார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாகக் கஸ்தூரியைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு மாசம் போதுமா தங்கச்சி? மூணா எழுதிடவா?"