பச்சை நூல் கட்டிய கயிறு

“இது நம்ம கடைக் கயிறுதானே, மொதலாளி?”

வந்தவன் ஒரு முழக் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். அதன் ஒரு நுனியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. கடைக்காரர் கோதண்டம் சட்டென்று பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் அவருக்குக் கயிற்றுக்கடை. விற்கும் கயிற்றின் நுனி பிரியாமலிருக்க நூல் சுற்றித்தான் கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அது பச்சை நூல். இப்போது சிவப்பு. ஏன் மாற்றினார் என்பது அவருக்கும் அவர் கும்பிடும் முருகனுக்கும் மட்டுமே தெரியும்.

அந்த வருஷம் படகுக்காரர்கள் கேட்கும் வெளிநாட்டு மணிலா நார்க்கயிறு வருவது நின்றுபோயிருந்தது. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வராமல், ஏலத்தில் எடுத்த பழைய கப்பல் வடம் ஒன்றைப் பிரித்து, சன்னமாகத் திரித்து, புதுக் கயிறு என்று விற்றுவிட்டார். விற்ற பிறகுதான் உறுத்தியது. மாடு கட்டவா வாங்கிப் போகிறார்கள்? கடலுக்கல்லவா போகிறது! மீதியைப் பின்னறையில் சாக்குப் போட்டு மூடினார். நூலையும் மாற்றினார்.

“நம்முது இல்லப்பா. நம்ம நூலு செவப்பு, பாரு” என்றார், துண்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல்.

“அப்டியா? ராயபுரத்துலதான் வாங்குனேன்னு டாக்டரு சொன்னாரே” என்று தலையைச் சொறிந்தான் அவன். “எம் பேரு அம்புரோஸ். ஆர்பர்ல அருள்பிரகாசம் டாக்டரு சின்னதா ஒரு பாய்மரப் படகு வெச்சிகினுகீறாரு. நாந்தான் பாத்துக்குறேன். பாய மேல ஏத்துற கயிறு பூட்ச்சி. வேற போடணும். போன மாசம் எண்ணூராண்ட காத்துல மாட்டிக்கினோம், பாரு...”

கோதண்டத்துக்கு மேலே கேட்கத் தைரியமில்லை. கயிறு அறுந்திருக்கிறது. யார் என்ன ஆனார்களோ! “அத்த வுடு, கயித்தப் பாரு மொதல்ல” என்று அவசரமாக எழுந்தார்.

“இது நைலான். இப்பத்தான் வந்துகீது. யானையக் கட்டலாம்.”

அம்புரோஸ் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியைப் பிடித்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்தான். “ஜவ்வு மாரி நீள்தே. காத்தடிச்சா பாய் தொங்கிப்புடும்.”

“அப்ப பருத்தி?”

“தண்ணி பட்டா ஊறிக்கும். உருளையிலயே சிக்கிக்கும்.”

கற்றாழை நார்க்கயிறு, கையைக் கிழிக்கும் என்று ஒதுங்கியது. கடைசியாகப் புது மணிலாவை இறக்கினார். அம்புரோஸ் புரியைப் பிரித்து, முகர்ந்து, நகத்தால் கீறி, கையிலிருந்த துண்டோடு வைத்துப் பார்த்தான்.

“இதுவுமே அது மாரி இல்ல.”

ஒவ்வொரு தடவை அவன் அந்தத் துண்டைத் தொடும்போதும் போலீஸ்காரன் சாட்சி எடுப்பதுபோல் இருந்தது கோதண்டத்துக்கு. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

“அம்புரோஸு... அன்னிக்கி யாருக்கும் எதுவும் ஆவலியே?”

“ஆயிருக்கணும் மொதலாளி.” அம்புரோஸ் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். “பாய்மரத்தப் புடிச்சிகினு இருந்த கம்பி பட்டுனு அறுந்துச்சி. மரம் சாய்ஞ்சா படகே கவுந்துடும். பாய எறக்கிட்டு, அந்தக் கம்பிக்குப் பதிலா இந்தக் கயித்த இஸ்துக் கட்டுனோம். எண்ணூர் மொகத்துவாரம் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம்! ஒரு இழை வுட்டுக் குடுக்கல. எம் பொண்ணு ஃப்ளோரன்ஸும் படகுல இருந்துச்சி. அதுக்கு நீச்சலே தெரியாது.”

“அப்ப... கயிறு அறுந்துடலியா?”

“அது எங்க அறுந்துச்சி! முடிச்சு அவ்ளோ எறுக்கம், அவுக்கவே முடியல. கரைக்கு வந்து கத்தியாலதான் துண்டு துண்டா வெட்டி எடுத்தோம்.”

கோதண்டம் முதல்முறையாகத் துண்டைக் கையில் வாங்கினார். மறுநுனி வெட்டுப்பட்டு மழுங்கலாக இருந்தது. அறுந்த கயிறு என்றால் துடைப்பம்போல் சிலும்பி நிற்கும். முப்பது வருஷமாகக் கயிறு விற்பவர், ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். பயத்தில் பார்க்காமலே விட்டுவிட்டார்.

“இன்னிக்கி எம் பொண்ணு உசுரோட கீதுன்னா இந்தக் கயித்தாலதான்” என்றான் அம்புரோஸ். “எங்க வூட்டுக்காரி அடைக்கலமேரி வாராவாரம் கோயில்ல மெழுவத்தி ஏத்துது. பேரு தெரியாததால, ‘அந்தக் கயித்துக்காரரு நல்லா இருக்கணும்’னு வேண்டிக்குது. டாக்டரு கூட சொன்னாரு, ‘இது பழைய கப்பல் வடத்தப் பிரிச்சித் திரிச்சது அம்புரோஸு. அந்தக் காலத்து நாரு. இப்ப வர்ற புதுசு எதுவும் இதுக்கு ஈடில்ல. அதே கயித்தத் தேடி வாங்கினு வா’ன்னு. சரி, உங்க கடை இல்லன்னா வேற எங்கியாச்சும் கேட்டுப் பாக்குறேன். வர்ட்டா?”

அவன் படியிறங்கிவிட்டான்.

“இருப்பா!”

கோதண்டம் மேசை இழுப்பறையின் அடியில் கைவிட்டுத் துழாவி, இரண்டு வருஷமாக வெளிச்சம் பார்க்காத பச்சை நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பின்னால ஒரு சுருள் கீது, எடுத்துகினு போ. புதுசுன்னு பொய் சொல்லி வித்துட்டேன், அதுக்கும் சேத்து அந்த மெழுவத்தியிலயே வேண்டிக்கச் சொல்லுப்பா.”