முட்டை மரியாதை

"கையைக் கீழே போடு. கேள்வி கேக்கற அளவுக்கு இங்க இன்னும் யாரும் வளரல" என்றார் பேராசிரியர்.

மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த புது மாணவன் கையை இறக்கிக்கொண்டான். நுழைவுத் தேர்வில் தேறிய சந்தோஷத்தில் பெலேம் நகரத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு மொட்டை அடித்துத் தெருவையே கூட்டிக் கொண்டாடியிருந்தார்கள். அந்தப் பெருமையெல்லாம் கால்குலஸ் முதல் வகுப்பிலேயே வடிந்துபோயிருந்தது.

பேராசிரியர் போர்டு முழுக்க எதையோ கிறுக்கினார். இதில் முக்கால்வாசிப் பேர் வருஷக் கடைசிக்குள் ஓடிவிடுவீர்கள் என்றார். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இப்போதே கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைக்கும் என்றார்.

பேராசிரியராவது மண்ணாங்கட்டியாவது. பேர் அடெனில்சன், நாலாம் வருஷம் படிக்கிறான். கோட்டு சித்தப்பாவுடையது, மூக்குக் கண்ணாடி இரவல். முதல் நாள் போலி வகுப்பு எடுத்துப் புதுசுகளைக் கலங்கடிப்பது அந்தத் துறையில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. இந்தத் தடவை வேஷம் கட்டும் பாக்கியம் நம்ம துரைக்கு வாய்த்தது.

துரையின் தகுதியைப் பற்றிச் சொல்லவேண்டும். இதே கால்குலஸில் ரெண்டு தடவை கோட்டை விட்டவர். பரீட்சையில் இல்லை, பரீட்சை வரைக்கும் போனால்தானே. வகுப்புப் பக்கமே தலைகாட்டாமல் வருகைப் பதிவிலேயே அடிபட்டவர். மூன்றாவது தடவையும் இப்படிப் போனால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது. அப்பேர்ப்பட்ட மகான் இன்றைக்குத்தான் அந்த அறைக்குள் காலை எடுத்து வைத்திருக்கிறார், அதுவும் பாடம் நடத்த.

நிஜப் பேராசிரியர் வந்தால் சத்தம் கொடுக்கச் சொல்லி நண்பன் கிளெப்சனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தான். கிளெப்சனும் உள்ளே திரும்பிப் பார்க்காமல் தாழ்வாரத்தையே முறைத்துக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை.

"அரசுப் பள்ளி யாரு? எந்திரி."

ஜூசிமார் மட்டும் எழுந்தான். மராஜோ தீவிலிருந்து ராத்திரிப் படகில் தூளி கட்டிப் படுத்து வந்தவன். அப்பா அசாயி மரம் ஏறிப் பழம் பறிக்கிறவர். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவன்தான்.

"நீயெல்லாம் மரம் ஏறுனா நாலு பேருக்குப் பழமாவது கிடைக்கும். இங்க வந்து ஏன்டா இடத்தை அடைக்கிறே?"

ஜூசிமார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. துரைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"உக்காரு தம்பி. போகவேண்டாம்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். எல்லோருக்கும் முன்னாலேயே வந்து, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுப் படிக்க வருகிறவர்கள் வருஷத்துக்கு ஒருத்தராவது உண்டு என்பதால் யாரும் அவரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

"அடடே. இந்த வயசுல கணக்குப் படிக்க வந்துட்டீங்களாக்கும்? சமையல் வகுப்பு பக்கத்துக் கட்டடம்மா."

"எனக்குக் கணக்குதான் பிடிக்கும். போர்டுல எழுதினதைக் கொஞ்சம் விளக்குங்களேன், கேட்டுக்கறேன்."

துரை போர்டைத் திரும்பிப் பார்த்தார். எழுதியது என்னவென்று அவருக்கே தெரியாது. கூத்தை முடித்துவிடுவதுதான் உத்தமம் என்று கோட்டைக் கழற்றி வீசிவிட்டுச் சிரித்தான். எல்லாம் சும்மா, நான் உங்க சீனியர்தான், வருக வருக என்றான்.

வகுப்பு முழுக்க அப்பாடா என்று சிரித்தது. ஜூசிமார் மட்டும் சிரிக்கவில்லை. பை இன்னும் தோளிலேயே இருந்தது.

கோட்டு போனதும் துரைக்கு வாய் திறந்துகொண்டது. இந்த வகுப்புக்கெல்லாம் வந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று புதுசுகளுக்கு உபதேசம் செய்தான். தான் ரெண்டு வருஷமாக எட்டிக்கூடப் பார்த்ததில்லையாம். இந்த வருஷம் தன் பேரில் கையெழுத்துப் போட ஒரு ஆளையே பிடித்துவைத்திருக்கிறானாம்.

"கெட்டிக்காரர்தான். முழுப் பேர் என்ன தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அடெனில்சன் மொராயிஸ் பிராகா. நல்லா ஞாபகம் வச்சுக்குங்கம்மா, உதவி வேணும்னா கேளுங்க."

பிறகு மாவு மூட்டையும் முட்டைத் தட்டும் வெளியே வந்தன. அதுதானே புது மாணவர்களுக்குச் செய்கிற மரியாதை. மூத்தவங்களுக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லி, நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அந்த அம்மாள் தலையில் ஒரு முட்டையை உடைத்தான். மேலே ஒரு பிடி மாவும் தூவினான்.

அவர் கைக்குட்டையால் நெற்றியில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். டஸ்டரை எடுத்து, துரையின் கிறுக்கலை மேலிருந்து கீழாக நிதானமாக அழித்தார்.

"பாத்தீங்களா, போர்டு துடைக்கவும் ஆள் வந்தாச்சு" என்றான் அடெனில்சன். ரெண்டு மொட்டைகள் சிரித்தன. வெளியே கிளெப்சன் இன்னமும் கண்கொட்டாமல் தாழ்வாரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஜூசிமாரிடம் பையைக் கீழே வைக்கச் சொன்னார். அவன் வைத்தான்.

"நீங்களும் முன் வரிசைக்கு வாங்க, அடெனில்சன். ரெண்டு வருஷமா என் வகுப்புல உங்க இடம் காலியாவே கிடக்கு."