மூன்று மாத ஓய்வு

"ஒத்தடம் ஆறிப்போச்சுடி! வெந்நீரை மாத்திக் கொண்டா!" என்றார் கட்டிலில் கிடந்த கணவர்.

"வாளி தூக்குறவளுக்கும் இடுப்புன்னு ஒண்ணு—"

"ரெண்டு பேரும்தானே ஸ்கேன் எடுத்தோம்? ரிப்போர்ட்டை நான்தானே படிச்சேன்? எனக்குத்தான் முதுகெலும்பு தேஞ்சிருக்கு. உனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கே!"

"குனிஞ்சா நிமிர முடியலையே, அது என்னவாம்?"

"எல்லாம் உன் நினைப்பு!"

மூன்று மாதமாக இதே பதில்தான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்தடம் கொடுத்தாள்.

பயிற்சி சொல்லித்தர அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த பிசியோதெரபிஸ்ட், இரண்டு ரிப்போர்ட்டையும் புரட்டினார்.

"ஐயா, தேய்மானம்னு போட்டிருக்கிற ரிப்போர்ட்டுல, பெண், வயசு அறுபத்தாறுன்னு இருக்கே? உங்களோடதுல ஒரு குறையும் இல்லையே!"

கணவர் அவசரமாக மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

அவள் ஒத்தடத் துணியைப் பிழிந்து அவர் கையில் வைத்தாள்.

"எழுந்திரிங்க. அது என் கட்டில்."