மேல் டாக்டர்

மேற்கு டெக்சாஸின் அந்தச் சிற்றூர் கிளினிக்குக்குள், மான் வேட்டைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்.

“டாக்டர் எங்கே?”

“இங்க நான்தான். வைத்தியம் பார்க்கப் படிச்ச நர்ஸ், ராமோனா.” பேசியபடியே இசிஜி எடுத்தாள். “மாரடைப்பு. உடனே ஊசி போடணும்.”

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “உன்னை நம்பியா? சட்டப்படி உனக்கு மேல ஒரு டாக்டர் இருப்பாரே, அவரைக் கேட்டுட்டுப் போடு.”

“அவர் பத்து ஊர் கிளினிக்குக்குக் கையெழுத்துப் போடுறவர் சார். இந்த ஊர் பேராவது தெரியுமோ என்னவோ. போன் பண்ணாலும் எடுக்க மாட்டார்.”

“சாக்குச் சொல்லாத. கூப்பிடு.”

கூப்பிட்டாள்.

பெரியவரின் சட்டைப்பைக்குள் மணி அடித்தது. வழக்கம்போல் அதை அணைக்கப் போன விரல் பாதியில் நின்றது.

“எடுங்க டாக்டர்,” என்றாள் ராமோனா. “ஊசி போடலாமா?”