தரையில் வைக்காத பிச்சி

பிச்சிப்பூக் கன்றின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேணி அதையே எடுத்துக்கொண்டாள்.

ஆடி முடிகிற நேரம். தென்காசியில் சாரல் நின்றிருந்தது. காற்று மட்டும் நர்சரியின் பச்சை வலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

செடி வளர்க்கணும் என்று கேட்டது அவள்தான். நம்பி போன பிறகு அவளாக ஒன்று வேண்டும் என்று வாய்திறந்தது இதுவே முதல்.

நம்பிராஜன் அவள் கணவன். சண்முகவடிவுக்கு ஒரே மகன். பைக்கில் போனவன் உயிரோடு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

"கொடிக்குத் தரைதான் அத்தை நல்லது. பின்னால அவ்வளவு இடம் கிடக்கே."

"தொட்டியிலயே இருக்கட்டும் வேணி."

சிமெண்டுத் தொட்டியும் வேண்டாம் என்றுவிட்டாள் சண்முகவடிவு. எல்லாம் பிளாஸ்டிக். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து வாங்கினாள்.

பிச்சி, செவ்வந்தி, ஒரு நந்தியாவட்டை.

பின்கட்டில் வெற்று மண் விரிந்து கிடந்தது. அதன்மேல் தொட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

இந்த வீட்டில் ஒரு குழி தோண்டக்கூட எனக்கு உரிமை இல்லையோ என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

ஆவணி வெயிலில் தொட்டி மண் கொதித்தது.

ஒருநாள் வேணி அலுவலகம் விட்டு வந்தபோது தொட்டிகளைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருந்தது. மேலே பந்தல்போல ஒரு புடவை. சண்முகவடிவு விசேஷத்துக்குக் கட்டுகிற சுங்குடி அது.

வேணிக்கு ஒன்றும் புரியவில்லை.

புரட்டாசியில் செவ்வந்தியின் நுனிகளைக் கிள்ளிவிட்டாள். அப்போதுதான் பக்கக் கிளை விடும்.

"பூக்கப் போறதப் போய் இப்படிக் கிள்ளுதியே" என்று சண்முகவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. தொட்டிகளில் தண்ணீர் தேங்கியது. வேர் அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொன்றாகத் தகரக் கொட்டகைக்குத் தூக்கினார்கள்.

பிச்சி மட்டும் வரவில்லை.

வேணி சாய்த்துப் பார்த்தாள். அடி ஓட்டை வழியாக வேர் இறங்கியிருந்தது. விரல் கனத்துக்கு. மண்ணை இறுகப் பிடித்திருந்தது.

சண்முகவடிவு உள்ளே போய்க் கத்தியோடு வந்தாள்.

"வெட்டாதீங்க அத்தை."

"இப்பவே வெட்டிரணும் தாயி. இன்னும் ஆழமாப் போச்சுன்னா அப்புறம் பேர்த்தாப் பிழைக்காது."

"யாரு பேர்க்கப் போறா? அது இங்கன இருந்தா உங்களுக்கு என்ன?" வேணி தொட்டிக்குக் குறுக்கே கையை வைத்தாள். "நான் இங்க இருக்கது உங்களுக்குப் பிடிக்கலையா?"

கத்தி அப்படியே நின்றது.

சண்முகவடிவு மருமகளைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் அவள் நரைமயிரிலிருந்து சொட்டியது.

"தரையில வச்சா, நீ போகையில எப்படித் தூக்கிட்டுப் போவ?"

"நான் எங்க போறேன்?"

"போகணும்லா. உனக்கு முப்பதுகூட ஆகல. இந்தக் கிழவி கூடவே கிடந்துருவியா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீயா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். அதாச்சும் உங்கூட வரட்டும்னு நினைச்சேன்."

வேணி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சண்முகவடிவு கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் குந்தினாள். சேறு அப்பிய கையால் மருமகளின் முதுகைத் தடவினாள்.



கொட்டகைத் தகரத்தில் மழை வலுத்தது. எழுந்து இரண்டடி வைத்தால் நனையாமல் நிற்கலாம். இரண்டு பேரும் எழவில்லை.

"அத்தை."

"ம்."

"ஆபீஸ்ல ஒருத்தர் என்னைக் கட்டிக்கிடுதேன்னு கேட்டாரு. பங்குனியிலயே. நான் இன்னும் பதில் சொல்லல."

முதுகில் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

வேணி தலை நிமிரவில்லை. அந்தக் கை எடுபட்டுவிடுமோ என்று பயந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி தடவத் தொடங்கியது. முன்னைவிட மெதுவாக.

"பேரென்ன?"

சொன்னாள்.

மழையில் சண்முகவடிவுக்குக் கேட்கவில்லை. காதை அவள் வாய்ப்பக்கம் சாய்த்தாள்.

வேணி இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.