மூக்குத்தியின் சாட்சி

ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே தாமரைச்செல்வி கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வீடு துடைக்கக் குனியச் சொன்னா மட்டும் உனக்கு மண்டையிடி வந்துரும்!" என்றார் மாமியார் வேதவல்லி. பதினொரு வருடமாகக் கேட்கிற பேச்சுதான்.

ஆனால், நேற்று ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட, உள்ளே இருக்கும் நோவைப் பார்த்துச் சொல்லும் புது மூக்குத்தி முதல்முறையாக வாய் திறந்தது.

"இடது கன்னத்துச் சைனஸில் சளி அடைத்திருக்கிறது. குனிய வேண்டாம். மருந்துக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியாயிற்று. வலி உண்மை."

தாமரைச்செல்விக்குக் கண் நிறைந்தது. கடுகளவு கல்தான், ஆனாலும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வேதவல்லி தன் வைர மூக்குத்தியின் திருகாணியைக் கழற்றினார்.

"உன் மூக்குத்தியை வெந்நீர்ல கழுவி எனக்குக் கொஞ்சம் போட்டுவிடு."

போட்டுவிட்டாள். மூக்குத்தி சற்று யோசித்தது.

"நெற்றிச் சைனஸில் அடைப்பு. பல வருடங்களாக இருந்திருக்கும். வலி உண்மை."

வேதவல்லி சுவரில் சாய்ந்துகொண்டார். "நாப்பது வருஷம். உங்க மாமாகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சதுதான் மிச்சம்."

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்னமோ சொல்லுச்சே தாயி, அதை இன்னொருக்கா சொல்லச் சொல்லு."